பச்சோந்திக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் எந்தத் தண்ணீர்?

தம் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் ஓர் இளம் பச்சோந்தியும், வளர்ந்த கார்ன் ஸ்னேக் வகைப் பாம்பு ஒன்றும், ஒரு தரை ஆமையும் இருக்கின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் ஊர்வனவற்றைக் கொன்றுவிடும் என்று இன்னொரு வளர்ப்பாளர் எச்சரித்ததிலிருந்து, மூன்றுக்கும் டிஸ்டில்டு வாட்டர் எனப்படும் காய்ச்சி வடித்த நீரையே வாங்கிக் கொடுத்து வருகிறார். பிறகு அந்த நீர் உடலிலுள்ள கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்று வேறொருவர் சொல்லவே, அதை ஈடுகட்ட வைட்டமின் சொட்டு மருந்தை நீரில் கலக்கத் தொடங்கியிருக்கிறார். வீட்டில் பொதுக் குடிநீர்க் குழாய் உண்டு. கடின நீரை மென்னீராக்கும் வாட்டர் சாஃப்ட்னர் பொருத்திய ஆழ்துளைக் கிணற்று நீரும், ஆர்.ஓ. கருவியும் உண்டு. நிலத்தடி நீர் இயற்கையானது, அதுவே போதும் என்பது கணவரின் கருத்து.

கடிதத்தின் போக்கில் அவர் குறிப்பிட்டிருக்கும் வேறு சில செய்திகளும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கிண்ணத்தில் நீர் குறையும்போது மேலாக ஊற்றி நிரப்புகிறார். வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தொட்டியில் கழுவுகிறார். 4 வயது மகள் உடன் நின்று உதவுகிறாள். பாம்பையும் ஆமையையும் ஒரே பிளாஸ்டிக் டப்பில் மாறி மாறி ஊறவைக்கிறார். பச்சோந்தி கிண்ணத்தின் பக்கமே போவதில்லை. அதன் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாகிவிட்டது, கண்களும் சற்றே உள்வாங்கியிருக்கின்றன. பாம்போ சில நாள்களாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. எந்தத் தண்ணீர் பாதுகாப்பானது, கொதிக்க வைத்தால் போதுமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்வி தண்ணீரின் வகையைப் பற்றியது. ஆனால் அதைவிட அவசரமானது உங்கள் பச்சோந்தியின் நிலை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஊர்வன தம் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக, வெள்ளை நிறப் பசை போன்ற யூரேட்டாக வெளியேற்றுகின்றன. அந்தப் பசை மென்மையாகவும் வெண்மையாகவும் இருந்தால் உடலில் நீர் போதுமானதாக இருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். அது ஆரஞ்சு நிறமாகி, விரலிடையே தேய்த்தால் மணல்போல் நறநறக்கும் அளவுக்கு இறுகியிருந்தால், விலங்கு போதிய நீர் குடிக்கவில்லை என்பதே முதலில் எழ வேண்டிய ஐயம். (கையுறை இல்லாமல் தொட்டுப் பார்க்க வேண்டாம்.) உள்வாங்கிய கண்களும் அதையே சொல்கின்றன. ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் இரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை உண்டாக்க இயலாது. எனவே நீர்ப் பற்றாக்குறை நீடித்தால் யூரிக் அமிலம் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் இதயத்தைச் சுற்றியும் படிந்து, கவுட் என்னும் நோயாக மாறக்கூடும். அந்தக் கட்டத்தை எட்டிய பச்சோந்தியைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

இதற்குக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த நீர் அல்ல. நீங்கள் அதை வைத்த இடம். பச்சோந்திகள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும் நீரைக் குடிநீராக அடையாளம் காண்பதில்லை. இலையில் உருண்டு நிற்கும் துளியும், மேலிருந்து சொட்டும் நீரும் ஒளிபட்டு மினுங்கும்போதுதான் அவற்றை நாக்கால் நக்கிக் குடிக்கின்றன. உலகிலேயே தூய்மையான நீரைக் கிண்ணத்தில் வைத்தாலும் அதனருகே அது தாகத்தோடுதான் இருக்கும். இலைகள் நனையும்படி நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பல நிமிடங்கள் தொடர்ந்து, மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். பகலில் இலைகளின் மீது மெதுவாகச் சொட்டும் அமைப்பு ஒன்றையும் வையுங்கள். ஒரு நிமிடம் தெளித்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. பச்சோந்தி முதலில் கண்களை உருட்டித் துடைத்துக்கொள்ளும். சற்று நேரம் கழித்துத்தான் வாயைத் திறக்கும். அது உண்மையில் விழுங்குகிறதா என்று எட்ட நின்று பாருங்கள். சிரிஞ்சால் வாயில் நீரைப் பாய்ச்ச வேண்டாம். மூச்சுக்குழலின் திறப்பு நாக்கின் அடிப்பகுதியிலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. இத்தனையும் செய்தாலும் இந்த வாரத்திலேயே ஊர்வன மருத்துவத்தில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் அதைக் காட்டிவிடுங்கள். கண்கள் மேலும் உள்வாங்கினாலோ, பகலில் கண்களை மூடியபடி இருந்தாலோ அன்றே கொண்டுபோக வேண்டும்.

குளோரினைப் பற்றிய அச்சம்

உங்களை எச்சரித்தவர் பொய் சொல்லவில்லை. மீனுக்கும் தவளைக்கும் உரிய உண்மையை ஊர்வனவற்றின் மீது ஏற்றிச் சொல்லியிருக்கிறார். மீனின் செவுள் வழியே நீர் இடைவிடாமல் பாய்வதால் குளோரின் அந்த மெல்லிய திசுவை நேரடியாக அரித்துவிடுகிறது. தவளையின் தோல் நீரை ஊடுருவ விடும் தோல். ஊர்வனவோ நுரையீரலால் சுவாசிப்பவை; அவற்றின் செதில் தோல் நீரை எளிதில் உள்ளே விடாது; குளோரின் அவற்றின் உடலுக்குள் போவது குடிக்கும் சிறிதளவு நீரின் வழியே மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் மனிதரின் குடிநீரில் குளோரினுக்கு வகுத்துள்ள வழிகாட்டு உச்ச அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குழாயில் வந்து சேரும் நீரில் வழக்கமாக அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். நீங்கள் அச்சமின்றிக் குடிக்கும் குழாய் நீரை உங்கள் பாம்புக்கும் ஆமைக்கும் கொடுப்பதில் தவறில்லை.

வாடை பிடிக்காமல் விலங்கு குடிக்கத் தயங்குவதாகத் தோன்றினால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் சேர்க்கிறார்கள். அது ஒரு நாள் திறந்து வைப்பதால் போய்விடாது, அதற்குக் கரி வடிகட்டியோ மீன் தொட்டிகளுக்கு விற்கப்படும் குளோரின் நீக்கியோ வேண்டும். இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள்: குளோரின் நீரில் இருப்பது கிருமிகளை அடக்கி வைக்கத்தான். அதை நீக்கிய நீர் வெதுவெதுப்பான கூண்டுக்குள் இன்னும் விரைவாகக் கெடும். நீர்வாழ் ஆமை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு; அவர்கள் தொட்டியின் வடிகட்டியில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாவைக் காப்பதற்காகக் குளோரினை நீக்கியாக வேண்டும்.

காய்ச்சி வடித்த நீர் கால்சியத்தை உறிஞ்சுமா?

இந்த நம்பிக்கை வளர்ப்பாளர்களிடையே மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் எண்களை வைத்துப் பார்த்தால் நிற்பதில்லை. ஊர்வனவற்றின் உடல் திரவத்தின் செறிவு, லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம் உப்பு கரைந்த நீருக்குச் சமம். நல்ல குழாய் நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டுவதில்லை. அந்த உடலைப் பொறுத்தவரை குழாய் நீரும் வடித்த நீரும் இரண்டுமே உப்பற்ற நீர்தான். ஒன்று எலும்பைக் கரைத்து மற்றொன்று காப்பாற்றும் என்பதற்கு இடமில்லை. கால்சியத்தையே எடுத்துக்கொண்டால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள கடின நீரை உங்கள் பச்சோந்தி ஒரு நாளில் 10 மில்லிலிட்டர் குடித்தாலும் அதற்குக் கிடைப்பது 1 மில்லிகிராம் மட்டுமே. அதன் எலும்பைக் காப்பது பூச்சிகளின் மீது தூவும் கால்சியப் பொடியும், தோலில் வைட்டமின் டி3 உருவாக உதவும் புற ஊதா பி விளக்கும்தான்.

ஆகவே வடித்த நீர் இதுவரை எந்தத் தீங்கும் செய்யவில்லை, எந்த நன்மையும் செய்யவில்லை. மீதமிருப்பதைத் தெளிப்பானுக்குப் பயன்படுத்துங்கள். தாதுக்கள் இல்லாததால் குழல்முனை அடைத்துக்கொள்ளாது, இலைகளிலும் கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டு படியாது. அது தீர்ந்த பிறகு அதே வேலைக்கு உங்கள் ஆர்.ஓ. நீர் போதும். தெளிப்பானின் குழாயையும் நீர்த்தேக்கத்தையும் வாரந்தோறும் காலிசெய்து, கழுவி, முழுதாக உலர விடுங்கள். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஈரமான குழாயின் உட்சுவரில் எளிதில் குடியேறும், அதையே நீங்கள் தூறலாகப் பச்சோந்தியின் முகத்தில் தெளிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

வைட்டமின் சொட்டு மருந்தை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். நீரில் கலந்த வைட்டமின் ஒளியிலும் வெப்பத்திலும் சிதைகிறது. சுவை மாறுவதால் குடிப்பது குறையலாம். கலவையில் உள்ள இனிப்பு பாக்டீரியாவுக்கு உணவாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த விலங்கு எவ்வளவு குடித்தது என்று தெரியாதபோது எவ்வளவு மருந்து உடலுக்குள் போனது என்பதும் தெரியாது. வைட்டமின் ஏ, டி3 இரண்டும் உடலில் சேர்ந்துகொண்டே போகக்கூடியவை. டி3 மிகுந்தால் கால்சியம் இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் படிந்து, நீங்கள் தவிர்க்க நினைத்த கேட்டையே விளைவிக்கும்.

ஆழ்துளைக் கிணறும் சாஃப்ட்னரும்

நிலத்தடி நீர் இயற்கையானது என்று உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஆனால் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் ஆகியவையும் இயற்கையாகவோ உரத்தின் வழியாகவோ அதே நீரில்தான் கரைந்து வருகின்றன, அவற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆய்வகப் பரிசோதனை முடிவு கையில் இல்லாத கிணற்று நீரை எந்த விலங்குக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். பரிசோதனை அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியவை அந்த எண்ணும், கழிவு கலந்திருக்கலாம் என்பதைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா உண்டா இல்லையா என்பதும். கொதிக்க வைத்தால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணியையும் கொல்லும். கரைந்த நச்சுகளை அது நீக்காது; நீர் ஆவியாகிக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

சாஃப்ட்னர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். அது கடினத்தன்மையை வெறுமனே நீக்குவதில்லை, ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றை மாற்றிக் கொடுக்கிறது: கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை நீரில் விடுகிறது. கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராமாக இருந்த நீர், அந்தக் கருவியைத் தாண்டும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 184 மில்லிகிராம் சோடியத்தைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. ஒரு மிடறில் யாரும் நோயுறப் போவதில்லை. ஆனால் செறிவான சிறுநீரை உண்டாக்க முடியாத சிறுநீரகம் அந்த உப்பை வெளியேற்றக் கூடுதல் நீரைச் செலவிட வேண்டியிருக்கும் என்பதால், இதை நாள்தோறும் குடிநீராகக் கொடுப்பதை, குறிப்பாக ஆமைக்குக் கொடுப்பதை, நான் ஏற்கவில்லை.

குழாய் நீரை எடுக்கும்போது காலையில் முதலில் வரும் நீரைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பழைய குழாய்களில் இரவெல்லாம் தேங்கிய நீரில் ஈயம் கரைந்திருக்கலாம். வெந்நீர்க் குழாயில் அது இன்னும் அதிகம். ஊறவைக்க வெதுவெதுப்பான நீர் வேண்டுமென்றால் குளிர்ந்த நீரைப் பிடித்துத் தனியே சூடாக்கிக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் நடப்பது

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது நீங்கள் ஊற்றும் நீர் அல்ல, மேலாக ஊற்றி நிரப்பும் பழக்கம். இன்று பாம்பின் கிண்ணத்தைக் காலிசெய்து, கையுறை அணிந்த விரலை அதன் அடியில் ஓட்டிப் பாருங்கள். ஒரு வழவழப்பு தட்டுப்படும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் நீருக்கு அடியில், பாக்டீரியாக்கள் தமக்குத் தாமே சுரந்துகொண்ட பசைப் படலம் அது. அதன் மேல் எவ்வளவு தூய நீரை ஊற்றினாலும் சில மணி நேரத்தில் அது அந்தப் படலத்தின் நீராகிவிடும். பாம்புகள் நீரிலேயே எச்சமிடும் வழக்கமுள்ளவை. பச்சோந்திக்கு விட்ட பூச்சிகள் கிண்ணத்தில் விழுந்து அழுகும். விளக்கின் வெப்பம் இதையெல்லாம் விரைவுபடுத்தும். ஊர்வனவற்றில் வாய்ப்புண்ணையும் இரத்த நச்சையும் உண்டாக்கும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் விரும்பி வாழும் இடம் இதுதான்.

ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு கிண்ணங்கள் வாங்கி, மெருகிட்ட பீங்கானாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய தகரமும் செம்பும் வேண்டாம். ஒன்று கூண்டில் இருக்க மற்றொன்று கழுவி உலர்ந்துகொண்டிருக்கட்டும். நாள்தோறும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை, அழுக்கு முழுதும் போன பிறகு, ஒரு பங்கு வீட்டு உபயோகப் பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து 10 நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, உலர விடுங்கள். அழுக்கோடு ஊறவைத்தால் பிளீச் அந்த அழுக்கிலேயே வீணாகிவிடும். ஃபீனால் கலந்த தரைத் துடைப்பான்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு என்பதால் அவற்றைக் கூண்டின் அருகிலேயே கொண்டு வராதீர்கள்.

பாம்பு கிண்ணத்தை விட்டு வெளியே வராததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். கண்கள் பால்போல் மங்கியிருந்தால் தோலுரிக்கத் தயாராகிறது, கவலை வேண்டாம். கூண்டின் குளிர்ந்த பகுதியும் சூடாகவே இருந்தால் வெப்பம் தாங்காமல் நீரை நாடுகிறது. வெப்பமானியை வைத்துப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கிண்ணத்தின் அடியைக் கூர்ந்து நோக்குங்கள்: மிளகுப் பொடி தூவியதுபோல் கருநிறப் புள்ளிகள் படிந்திருந்தால் அவை மூழ்கி இறந்த உண்ணிகள். பாம்பின் கீழ்த்தாடையின் மடிப்பிலும் கண்ணின் ஓரத்திலும் உயிருள்ளவை இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பூச்சிக்கொல்லியையும் தெளிக்க வேண்டாம்.

பாம்பையும் ஆமையையும் ஒரே டப்பில் ஊறவைப்பதை உடனே நிறுத்துங்கள். என்டமீபா இன்வேடன்ஸ் என்னும் ஓரணு ஒட்டுண்ணியை ஆமைகள் பல வேளைகளில் எந்த நோய்க்குறியும் இன்றிக் குடலில் சுமந்து திரிகின்றன. அதுவே நீரின் வழியே பாம்புக்குத் தொற்றினால் குடலும் கல்லீரலும் அழுகி இறக்க நேரிடலாம். ஆமைக்குத் தனி டப், பாம்புக்குத் தனி டப் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆமையை ஊறவைக்கும்போது நீர் வெதுவெதுப்பாகவும், மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் மட்டத்துக்கு மேல் போகாமலும் இருக்கட்டும். கால் மணி நேரம் போதும். ஆமை அந்த நீரைக் குடிப்பதும் அதிலேயே கழிப்பதும் ஒரே வேளையில் நடக்கும் என்பதால், அழுக்கானதும் மாற்றுங்கள், அருகிலிருந்து நகராதீர்கள்.

உங்கள் மகள்

நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கும் ஒன்றை மறுத்துச் சொல்ல வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன். முழு நலத்தோடு இருக்கும் ஊர்வனவும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவைக் குடலில் வைத்திருந்து அவ்வப்போது வெளியேற்றுகின்றன. ஒருமுறை பரிசோதித்து இல்லை என்று வந்தாலும் அது நிலையான உறுதி ஆகாது. குழந்தைகளிடையே பரவிய சால்மோனெல்லா தொற்றின் காரணமாகவே 1975-இல் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்பது தடைசெய்யப்பட்டது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்றே அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. அவற்றை வெளியேற்றுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த முடிவை நீங்களும் கணவரும் இந்தச் செய்தியை அறிந்த பிறகு எடுக்க வேண்டும். வைத்துக்கொள்வதாக இருந்தால், மகள் கிண்ணத்தையும் டப்பையும் அந்த நீரையும் தொடக் கூடாது. சமையலறைத் தொட்டியில் இனி எதையும் கழுவாதீர்கள். அதற்கென்று ஒரு வாளி, ஒரு தேய்ப்பான், ஒரு ஜோடி கையுறை ஒதுக்கி, அழுக்கு நீரைக் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுங்கள். மகளுக்கு எப்போதாவது காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் ஊர்வன வளர்க்கிறோம் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.